கட்டாமல் வைத்த பூக்கள்

கண்ணு,

மில் லைன் வீட்டில் குடியிருந்த காலத்தில் பத்து வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான். யாருக்கு எழுதினாலும் இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கிவிட்டுத்தான் சங்கதிக்கு வருவேன். உனக்கு அப்படித் தொடங்கக் கை வரவில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு வாரமாகச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாய், சாப்பிடுவதில்லை. நானும் நலமாக இல்லை. காலையில் நீ முதல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்திலிருந்து இந்தக் காகிதத்தின் முன்னால் உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறேன். ஒருமுறை பால் காய்ச்ச எழுந்தேன். இன்னொருமுறை எதற்கு எழுந்தேன் என்றே தெரியாமல் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினேன். நாலரை மணிக்கு நீ வீட்டுக்கு வந்துவிடுவாய். அதற்குள் இதை எழுதி முடித்தாக வேண்டும்.

நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நேரில் சொல்ல எனக்கு எட்டு வருஷம் கிடைத்தது. ஒவ்வொரு தடவை வாயைத் திறந்தபோதும் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்றுதான் வந்தது. நான் ஒருத்தி பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும் என்று உன் அப்பா கேலி பண்ணுவார். அந்த வாய் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் பூட்டிக்கொண்டது. அதனால் எழுதுகிறேன். நீ இதைப் படிக்கும்போது நான் எதிரில் இருக்க மாட்டேன். அது கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பெங்களூர்க் கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து உனக்கு வேலைக்கு ஆர்டர் வந்து ஒன்பது நாள் ஆகிறது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பம்பு கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய ராஜினாமாக் கடிதத்தை எழுதி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தினமும் போகிறாய். தினமும் அப்படியே திரும்பக் கொண்டுவருகிறாய். துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து இரண்டு தடவை நான்தான் அதை எடுத்து வைத்தேன். மடிப்பில் காகிதம் கிழிய ஆரம்பித்துவிட்டது. வசந்தி வளைகாப்பு முடிந்து பொள்ளாச்சியில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். நீங்கள் போங்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பாதான், சூப்பர்வைசருக்குப் பெண் கொடுத்தேன், முப்பது வயதில் மறுபடி பள்ளிக்கூடம் போகிறவனுக்கு இல்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார். அதற்கெல்லாம் நீ கலங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்கு வந்து நின்றாய். வெள்ளிக்கிழமை பல்லடத்துக்குப் போய் நம் அம்மன் கோயிலில் பூ கேட்டுவிடலாம் என்றாய்.

"வெள்ள வந்தா லெட்டரக் குடுத்துப்போடறனுங்மா. செவப்பு வந்தா கிழிச்சுப்போட்டு, இந்தக் கம்ப்யூட்டர் பேச்சையே இனி எடுக்க மாட்டேன். சாமி ரெண்டாந்தடவையும் வேண்டாம்னு சொல்லிட்டா அப்பறம் மீற முடியாதுங்மா."

ரெண்டாந்தடவை என்றாய். என் கையில் இருந்த கரண்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, கண்ணில் புகை பட்டதுபோல முந்தானையால் துடைத்துக்கொண்டேன். கேஸ் அடுப்பில் ஏது புகை. நீ கவனிக்கவில்லை. பூப் பறிப்பதும் பொட்டலம் கட்டுவதும் போன தடவை மாதிரியே என் வேலை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அந்த வெள்ளிக்கிழமை நாளைக்கு.

முதல் தடவை நடந்ததில் உனக்குத் தெரிந்த பாதியை முதலில் எழுதுகிறேன். உனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. டிப்ளமா முடித்திருந்தாய். ஒரே மாதத்தில் இரண்டு கடிதம் வந்தன. ஒன்று, மெட்ராஸில் இரண்டு வருஷக் கம்ப்யூட்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று. இன்னொன்று, பீளமேட்டுப் பக்கத்தில் பம்பு கம்பெனியில் வேலை. நீ அந்த மாதம் முழுக்க லைன் வீட்டின் ஒரே அறையில் சுவருக்குச் சுவர் நடந்தாய். காலையில் மெட்ராஸ் என்பாய், சாயங்காலம் பம்பு கம்பெனி என்பாய். உன் நடையைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. சாமியிடமே கேட்டுவிடலாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். நீ சட்டென்று ஒத்துக்கொண்டாய். சின்ன வயதிலிருந்தே அந்த அம்மன் சொன்னால் உனக்கு மறுபேச்சு கிடையாது. ஆறாம் வகுப்பில் ஜுரத்தோடு பரீட்சைக்குப் போனபோதுகூட அவள் பார்த்துக்கொள்வாள் என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனவன் நீ.

பஸ்ஸில் போய் இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்து போனோம். நம் கோயில் வழக்கப்படி வெள்ளை அரளி ஒரு பொட்டலத்தில், சிவப்பு அரளி ஒரு பொட்டலத்தில். வாழை இலைத் துண்டில் மடித்து நாரால் கட்டினால் எது எது என்று வெளியிலிருந்து தெரியாது. வெள்ளை வந்தால் மெட்ராஸ், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டோம். பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துச் சூடம் காட்டினார். நீ கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாய். பிரித்தாய். சிவப்பு. அந்தப் பூவை நீ பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. பிறகு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சரிங்மா, பம்பு கம்பெனிக்கே போறேன் என்றாய். முகத்தில் ஒரு வருத்தமும் காட்டவில்லை. கோயில் வாசலில் எனக்குப் பொரி வாங்கிக் கொடுத்தாய். அதை என்னால் விழுங்க முடியவில்லை.

உனக்குத் தெரியாத பாதி இது. இரண்டு பொட்டலத்திலும் சிவப்புதான் இருந்தது.

எழுதிவிட்டேன். எழுதிய பிறகு எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்துப் பார்த்தேன், அடிக்கவில்லை. லைன் வீட்டுக் குழாயடியில் இரண்டு அரளிச் செடியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, உனக்கு நினைவிருக்கும். அன்று காலையில் கூடையோடு போனவள் சிவப்பில் ஒன்று பறித்தேன். அடுத்ததற்குக் கை வெள்ளைப் பக்கம் போகவில்லை. மறுபடி சிவப்பிலேயே பறித்தது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, வேப்பமரத்தடியில் வைத்துவிட வேண்டும் என்பது வழக்கம். அந்த வழக்கம் எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று பார். மரத்தடியில் வைத்தால்கூட யாராவது பிரித்துவிடுவார்களோ என்று மடியில் மறைத்துக்கொண்டு வந்து, திரும்பும்போது வாய்க்காலில் போட்டேன். அது மூழ்கவில்லை. நாம் நடந்த திசையிலேயே தண்ணீரும் ஓடியதால் கொஞ்சதூரம் நம்மோடு கூடவே வந்தது. நீ மெட்ராஸைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஷிப்டு நேரம், பஸ் நம்பர் என்று பேசிக்கொண்டு வந்தாய். நான் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டு நிலைமை அப்படி, அதனால் அம்மா வருமானத்தை நினைத்துச் செய்துவிட்டாள் என்று நீ எனக்காக ஒரு காரணம் கண்டுபிடிப்பாய். நீ அப்படிப்பட்டவன். அப்படி இருந்தால் எனக்கும் கொஞ்சம் கௌரவம் மிஞ்சும். ஆனால் அது உண்மை இல்லை. மில்லை மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. உன் அப்பா மில் சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து, குளித்து, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். சங்கு ஊதாது. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கை கழுவுவார், மறுபடி அங்கேயே போய் உட்காருவார். அந்த ஏழு மாதத்தில் அவர் என்னிடம் பேசியதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். நீ இருந்ததால் வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்தது. நீயும் போய்விட்டால் அந்த மனிதரோடு, அந்த நாற்காலியோடு நான் மட்டும் இருக்க வேண்டும். அதற்குப் பயந்தேன். உன் இரண்டு வருஷத்தை மட்டும்தான் எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு வருஷம் எடுத்துவிட்டேன்.

செய்த தப்புக்குச் சாமி உடனே தண்டித்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அது நடக்கவில்லை. உனக்கு எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. டெஸ்டிங்கில் போட்டார்கள். மோட்டாரைத் தொட்டிக்குள் இறக்கி ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்வாய் என்று உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வந்தபோது சொன்னார்கள். சூப்பர்வைசர் ஆனாய். அன்று ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்து, அன்னிக்குச் சாமி சொன்னது சரியாப் போச்சு பாருங்மா என்றாய். அந்த மைசூர்பாகையும் நான் வாயில் வைக்கவில்லை. நீ பைக்கிலிருந்து விழுந்து முழங்கையில் தையல் போட்டபோது, வசந்திக்கு முதல் கர்ப்பம் தங்காமல் போனபோது, இது எனக்குத்தான் என்று நினைத்தேன். கோயிலுக்குப் போனால் அம்மன் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். காலடியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். எட்டு வருஷமாக அந்த முகத்துக்கு என்ன அலங்காரம் செய்கிறார்கள் என்பதுகூட எனக்குத் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதற்கென்று ஏசி போட்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கோயில் மாதிரி என்று சிரித்தாய். டெஸ்டிங்கில் தேறாத மோட்டார்களின் கணக்கு அதில் தப்புத் தப்பாக வந்தது. புரோகிராம் எழுதிக் கொடுக்க வந்த ஆளின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கே தப்பு என்று நீ சொல்லியிருக்கிறாய். அன்று நீ வீட்டுக்கு வந்தபோது இருபத்திரண்டு வயதில் சுவருக்குச் சுவர் நடந்த அந்தப் பையன் திரும்பி வந்திருந்தான். ஒரு மாதத்துக்குள் திருச்சி ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டாய். ஒரு மிஷினுக்கு இரண்டு பேர். உன்னோடு பங்கு போட்டது பத்தொன்பது வயதுக் காலேஜ் பெண். அவள் டைப் அடிப்பாள், நீ நின்று பார்ப்பாய். உனக்கு விரல் ஓடவில்லை என்று அவள் பொறுமை இழந்துவிட்டாளாம். அந்த வாரமே நீ காலண்டர் அட்டையின் பின்பக்கம் கீபோர்டில் இருக்கிற அத்தனை எழுத்தையும் கட்டம் கட்டமாக வரைந்து, நான் மாவு பிசைகிற பலகையில் ஒட்டிவிட்டாய். என் பலகை போயிற்று என்று கத்தினேன். நீ அதை மடியில் வைத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தாய். நான் எதிரில் உட்கார்ந்து காய் நறுக்குவேன். என்ன அடிக்கிறாய் என்று கேட்டால், உங்களுக்கு ஒரு லெட்டருங்மா என்பாய்.

முதல் பரீட்சையில் நீ தேறவில்லை. பரீட்சைத் தாளை மேசையில் போட்டுவிட்டு, சாமி அன்னிக்கே சொல்லுச்சு, நாந்தான் கேக்கல என்றாய். அதற்குப் பிறகு எது தடங்கினாலும் அதே வார்த்தை. சென்டரில் கரன்ட் போனால் அதே வார்த்தை. இன்டர்வியூவுக்குப் போகும் பஸ் தாமதமானால் அதே வார்த்தை. விளையாட்டாகத்தான் சொல்வாய். ஆனால் சொல்லும்போது உன் முகம் விளையாட்டாக இருக்காது. மற்றவர்கள் முழு வேகத்தில் படிக்கிறதை நீ பிரேக்கை அழுத்திக்கொண்டே படித்தாய். அந்த பிரேக்கைப் போட்டது நான். உன் எதிரில் உட்கார்ந்து பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள், போன ஆடி மாதம் என்று நினைக்கிறேன், நீ சிரித்துக்கொண்டே வந்தாய். சென்டரில் சார் உன் புரோகிராமைப் பார்த்துவிட்டு எல்லோர் எதிரிலும் கேலி செய்தாராம். நோட்டை விரித்து எனக்குக் காட்டினாய். பென்சிலால் பெட்டி பெட்டியாகப் போட்டிருந்தாய். எனக்கு என்ன புரியும் என்று நினைத்து, என்னிடம் எதையும் சொல்லாமல் விட்டதில்லை நீ.

"ஒரு கேள்வி கேட்டா ரெண்டு பதில் வரோணுமுங்மா. ஆமான்னா ஒரு பக்கம் போகோணும், இல்லீன்னா இன்னொரு பக்கம் போகோணும். நான் அவசரத்துல ரெண்டையும் ஒரே எடத்துல கொண்டுபோய் உட்டுட்டேன். எந்தப் பதில் வந்தாலும் ஒரே முடிவு. அது கேள்வியே இல்லீங்மா, கேக்கற மாதிரி வேசம்."

அப்படித் தப்பு இருந்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடாதா என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"தெரியாதுங்மா. ஓட்டிப் பாத்தா ஒழுங்கா ஓடற மாதிரியேதான் இருக்கும். அந்த இன்னொரு பக்கத்தையும் ஒருக்காத் தொறந்து பாத்தாத்தான் தெரியும்."

சொல்லிவிட்டு நீ காபி கேட்டாய். அடுப்படிக்குப் போனவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டிகாஷன் ஆறும்வரை என்ன செய்கிறேன் என்று நீ இரண்டு தடவை கூப்பிட்டாய். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீயே கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்றாய். காபியில் சர்க்கரை போட மறந்ததுதான் மிச்சம். அதையும் நீ ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டாய்.

பெங்களூரில் இன்டர்வியூ முடிந்து வந்தபோது நீ சொன்னதை உன் அப்பாவும் நானும் எத்தனை தடவை பேசிச் சிரித்திருக்கிறோம் தெரியுமா. வந்திருந்தவர்கள் எல்லாம் இருபத்தொன்று, இருபத்திரண்டு. அதில் ஒரு பையன் உன்னைப் பார்த்து எழுந்து நின்று குட் மார்னிங் சார் என்றானாம், நீதான் கேள்வி கேட்கப் போகிறாய் என்று நினைத்து. எல்லோருக்கும் சம்பளக் கணக்குப் போடுகிற ஒரு புரோகிராமைக் கொடுத்து இதில் என்ன கோளாறு என்று கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீ மோட்டாரைத் தொட்டியில் இறக்கிச் சூடேறும்வரை ஓடவிடுகிற மாதிரி, வரவே வராத கணக்கையெல்லாம் அதற்குள் போட்டுப் பார்த்தாய். வேலைக்கே வராத ஆளுக்குச் சம்பளம் என்ன, முப்பத்தொரு நாளும் லீவு போட்டவனுக்கு என்ன என்று. எட்டு வருஷம் பம்பு கம்பெனியில் கற்றதைத்தான் செய்தேன் என்று அங்கேயே சொன்னாயாம். அதற்குத்தான் எடுத்துக்கொண்டார்கள். எட்டு வருஷம் வீணாகவில்லை பார் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உன் திறமை. என் தப்பைக் கழுவ அதை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது.

திங்கட்கிழமை காலையில் உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பல்லடம் பக்கத்தில் கோழித்தீவன மில்லுக்கு ஃபிட்டர் வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அவர் பழையபடி பேசுகிறார், நீயே பார்க்கிறாய். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"எனக்குத் தெரியுமம்மிணி. நீ குழாயடில ரெண்டு செவப்பப் பறிச்சத நாற்காலில உக்காந்துட்டுப் பாத்துட்டுத்தான் இருந்தேன். எனக்கும் அவன் போகவேண்டாம்னு இருந்துது."

எட்டு வருஷம் நான் தனியாகச் சுமப்பதாக நினைத்ததை அவரும் சுமந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே பாயில், ஒருவருக்கொருவர் சொல்லாமல். எனக்கு அழுகையும் வந்தது, அவர் மேல் ஆத்திரமும் வந்தது. ஏனுங்க, அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் அந்தப் பூவ மாத்தியிருப்பேனே என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தவர், வாசலில் நின்று, இப்போது அதையெல்லாம் கிளறி என்ன ஆகப்போகிறது, வெள்ளிக்கிழமை இரண்டிலும் வெள்ளையாக வைத்துக் கட்டிவிடு, பையன் நிம்மதியாகக் கிளம்பிப் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மூன்று நாள் அதே நினைப்பு. சிவப்பால் கெடுத்ததை வெள்ளையால் சரிசெய்துவிடலாம், யாருக்கும் தெரியாது, நீ சிரித்த முகத்தோடு போவாய், நான் உனக்கு அம்மாவாகவே இருந்துவிடலாம். இன்று காலை நீ போன கையோடு பக்கத்து வீட்டுச் செடியில் வெள்ளை அரளி இரண்டு கேட்டுப் பறித்து வந்தேன். வாழை இலையைக் கிழித்தேன். இரண்டையும் கட்டியும்விட்டேன். கைக்குப் பழகிய வேலை, நார் முடிச்சு அப்படியே வந்து விழுந்தது. கட்டி முடித்துத் தாம்பாளத்தில் வைத்துப் பார்த்தால், எது எந்தப் பொட்டலம் என்று தெரியவில்லை. தெரிந்துதான் என்ன. உன் நோட்டுதான் ஞாபகம் வந்தது. எந்தப் பக்கம் போனாலும் ஒரே முடிவு, கேட்கிற மாதிரி வேசம் என்றாயே. இருபத்திரண்டு வயதில் உன்னைப் போகாதே என்று தள்ளியவள், முப்பது வயதில் போ என்று தள்ளப் பார்த்தேன். நீ எங்கே போனாலும் அது என் கையால் நடக்க வேண்டும் என்று எனக்கு என்ன அப்படி ஒரு வெறி. இலையையும் நாரையும் பிரித்து எறிந்துவிட்டு இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

மணி மூன்றாகப் போகிறது. புத்தி சொல்லாமல் ஒரு அம்மா கடிதம் எழுதினாள் என்று இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். போவதென்றால், உன்னைவிட எட்டு வயது சின்னவன் உனக்கு மேலே உட்கார்ந்து வேலை சொல்வான். சொல்லட்டும். நீ அவனிடம் கேட்டுக் கற்றுக்கொள், ஆனால் மோட்டாரைச் சூடேறும்வரை ஓடவிடுகிற பழக்கத்தை அவனுக்காக விட்டுவிடாதே. ரெண்டாயிரமாவது வருஷம் வந்தால் அத்தனை கம்ப்யூட்டரும் குழம்பிப் போகும், அதைச் சரிசெய்யத்தான் உங்களையெல்லாம் எடுக்கிறார்கள், அது முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள் என்று உன் மாமனார் சொல்கிறார். நடக்கலாம். மில்லை மூட மாட்டார்கள் என்று நாங்களும்தான் நம்பினோம். மூடினால் வேறொன்று கற்றுக்கொள்வாய், இப்போது கற்றுக்கொண்ட மாதிரி. உன் அப்பாவைப் போல நாற்காலியில் மட்டும் உட்கார்ந்துவிடாதே. வசந்தியிடம் பேசாமல் ஏழு மாதம் இருந்துவிடாதே. போகவில்லை என்றால், அதற்கும் நல்ல காரணங்கள் இருக்கின்றன. பிறக்கப்போகிற பிள்ளை ஒரு காரணம், உனக்கே அந்த வேலை பிடித்துப்போனது ஒரு காரணம். எதுவாக இருந்தாலும் உன் வாயால் சொல். சாமி சொன்னது என்று மட்டும் சொல்லாதே.

ஏனென்றால் அன்றைக்கு அம்மனிடம் யாரும் எதுவும் கேட்கவே இல்லை, கண்ணு. அதனால் அவள் உனக்கு வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. எட்டு வருஷமாக நீ கீழ்ப்படிந்து நடந்தது எனக்கு. உன் படிப்பில், பரீட்சையில், கரன்ட் போன நேரத்தில் எல்லாம் உன்னைத் தடுத்தது தெய்வம் என்று நினைத்திருந்தாயே, அது தனியாக இருக்கப் பயந்த ஒரு பொம்பளை. இதைப் படித்த பிறகு என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ உடனே சரிங்மா என்பாய், அது எனக்குத் தெரியும். கோபப்படு. இன்றைக்கே பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்கு வசந்தியிடம் போ. என்னோடு பேசாமல் இரு. அதற்கு நான் தகுதியானவள்தான். என் பயம் எல்லாம், இதைப் படித்துவிட்டும் அம்மாவுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நீ பெங்களூருக்குப் போகாமல் நின்றுவிடுவாயோ என்பதுதான். அப்படிச் செய்தால் அதுதான் மூன்றாவது சிவப்பு.

நான் குளத்து மேட்டுப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன். டிகாஷன் போட்டு வைத்திருக்கிறேன், பால் பாத்திரத்தை மூடி வைத்திருக்கிறேன். நாளைக்குக் கோயிலுக்குப் போவதானால் நீ போ, நான் பூக் கட்ட மாட்டேன். உன் கீபோர்டுப் பலகையைக் கட்டில் மேல் எடுத்து வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை அதன் மேல்தான் வைக்கப் போகிறேன். பக்கத்தில் காலையில் பறித்த ஒரு வெள்ளை அரளி, இப்போது போய்ப் பறித்து வந்த ஒரு சிவப்பு அரளி. இலையும் இல்லை, நாரும் இல்லை. கண்ணை மூடாமல், பார்த்து எடு.

அம்மா